சம ஆசனமும் சைவக் கல்லூரியும்

ஒரு கல்லூரி தன் யுபிலி விழாவைக் கொண்டாடுங் காலத்தில், அதன் மலரிலே தாபகர்களின் தியாகமும், அதிபர்களின் ஆளுமையும், பரீட்சைப் பேறுகளும், விளையாட்டு வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. செய்ந்நன்றி மறவாமை நமது முதற் பாடமன்றோ? ஆயினும், ஒரு கல்விக்கூடத்தின் பெருமையை அளப்பதற்கு அங்கிருந்து வெளியேறிய வைத்தியர், பொறியியலாளர், நியாயவாதிகளின் தொகை மாத்திரம் அளவுகோலாகாது. அதன் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, உள்ளே சென்றவர் எவ்விடத்தில் அமர்த்தப்பட்டார் என்னும் வினாக்களும் அளவுகோல்களே. விழாக் காலத்தில் இவ்வினாக்களை எழுப்புதல் அமங்கலமன்று. தன் கணக்கைத் தானே பார்க்கவல்ல நிறுவனமே நீடு நிலைக்கும்.

இலங்கையின் வட பகுதியில் சைவப் பாடசாலைகள் தோன்றிய காரணத்தை முதலில் நினைவுகூர்வோம். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண் பாடசாலையும் எழுந்தன. வெஸ்லியன் சபையாரும் பிறரும் தத்தம் பாடசாலைகளை நிறுவினர். ஆங்கிலக் கல்வியும் அதன்வழிக் கிடைக்கும் உத்தியோகமும் வேண்டிய சைவப் பிள்ளை, பெரும்பாலும் அந்நிய சமயச் சூழலிலேயே அவற்றைப் பெறவேண்டியிருந்தது. வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தும் வந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவ ஆங்கிலக் கல்லூரிகள் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தன. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளைப் பரிபாலிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

இம்முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாய் அமைந்தது ஒரு நியாயமான முறைப்பாடு. அரசாங்கத்தின் உதவிப்பணம் பொதுப்பணம். அதற்கு வரி கொடுப்போருட் பெரும்பாலார் சைவர். அவ்வாறிருக்க, அவர் பிள்ளைகள் தம் சமயத்தைத் துறவாமலும் மறையாமலும் கற்பதற்கு இடமில்லாதிருப்பது எவ்வாறு பொருந்தும்? இதுவே அன்று கேட்கப்பட்ட கேள்வி. அது சலுகைக்கான இரப்பன்று, சமத்துவத்துக்கான உரிமைக்குரல். நமது கல்லூரிகளின் அத்திவாரக் கற்களில் இக்குரலே பொறிக்கப்பட்டுள்ளது எனலாம்.

அவ்வாறு குரல் எழுப்பிய சமுதாயமே, தன் வீட்டுக்குள் வேறொரு கூட்டத்தார் அதே கேள்வியைக் கேட்டபோது என்ன விடை கூறியது? இவ்விடத்தில் நமது வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. தாழ்த்தப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் இடம் மறுக்கப்பட்டது. இடம் அளிக்கப்பட்ட பாடசாலைகளிலும் ஏனையோர் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்திலோ தாழ்ந்த பலகையிலோ இருத்தப்பட்டனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கரும்பலகை. ஆயினும் ஆசனம் வேறு. எழுத்தறியும் முன்னரே தன் இடம் தரையென அறிந்துகொண்ட குழந்தையின் உள்ளம் எவ்வாறு மலரும்?

1929, 1930ஆம் ஆண்டுகளிலே, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்னும் விதியைக் கல்விப் பகுதியார் நடைமுறைப்படுத்த முற்பட்டனர். அதை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனுக்கள் சென்றன. பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைப் பாடசாலையினின்றும் நிறுத்தினர். பல பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. கல்விக்காகப் பனை வருவாயையும் புகையிலை வருவாயையும் ஈந்த ஒரு நாட்டிலே, அயலான் பிள்ளையும் வாங்கில் அமர்வான் என்ற காரணத்தாற் கல்விக்கூடத்துக்கே நெருப்பு வைக்கப்பட்டது என்பதை நாம் மறைத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தார் கல்விப் பற்றைப் பாடும் யுபிலி மலர் ஒவ்வொன்றும் இச்செய்தியையும் ஒரு வரியிலேனும் குறித்தல் முறை.

இது சைவரின் பழியென்று மாத்திரம் கொள்வதும் உண்மையாகாது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றோருட் பெரும்பாலார் வேளாளரே. சமயம் மாறிய குடும்பங்கள் பல சாதியை மாற்றிக்கொள்ளவில்லை. மறுபுறத்திலே, சம ஆசனத்தை ஆதரித்தோரும் எல்லாச் சமயத்தாரிடையேயும் இருந்தனர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம் தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவ்வியக்கத்தாருக்குப் பேரூக்கம் அளித்தது. அதன் முன்னோடியாகிய ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். சமய எல்லைகளைக் கடந்து ஆசிரியரை மதிக்கத் தெரிந்த ஒரு சமுதாயம், சாதி எல்லையைக் கடந்து மாணவனை மதிக்கத் தயங்கியது விந்தையே.

இத்தகைய நிலை நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1954இல், நிறத்தாற் பிரிக்கப்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வேட் பிரதேசத்தார் அத்தீர்ப்புக்கு அமைவதிலும் பாடசாலைகளை மூடிவிடுதலே மேலெனக் கருதி, 1959 முதல் 1964 வரை அவற்றைப் பூட்டிவைத்தனர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியொன்று அமைந்தது. தொடக்கத்தில் அதன் வகுப்புகளுக்குத் தேவாலயக் கட்டடங்களும் இடங்கொடுத்தன. அதே காலத்திற் கறுப்பின மக்களின் தேவாலயங்களும், குவேக்கர் சபையாரும், வீதியில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு வெளியூர்களிற் கல்வி தேடிக் கொடுத்தனர். வேதம் ஒன்றே, ஒரு சாரார் அதைக் கதவுக்குத் தாழாகவும், மற்றொரு சாரார் திறவுகோலாகவும் கொண்டனர். சமயம் எதுவாயினும் அதன் பெயராற் செய்யப்படுவதற்குப் பொறுப்பு அதைக் கைக்கொள்வோரிடமே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சாதிப் பிரிவினைக்குச் சைவ ஆசாரத்தை ஆதாரமாகக் காட்டுவோர் அன்றும் இருந்தனர். மெல்லிய குரலில் இன்றும் உளர். அவர்களுக்குப் பெரியபுராணமே விடை கூறும். சாத்தமங்கையிலே திருநீலநக்க நாயனார் இல்லத்துக்குத் திருஞானசம்பந்தர் எழுந்தருளியபோது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியார்க்கும் தங்க இடம் கொடுக்குமாறு பணித்தார். நீலநக்கர் அந்தணர், பாணரோ அக்காலச் சமுதாயம் ஒதுக்கிவைத்த குலத்தவர். நீலநக்கர் அவருக்கு வேள்விச் சாலையின் நடுவே, வேதிகையின் பக்கத்தில் இடம் அளித்தார். அணையாத வேதித் தீ வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்ததெனச் சேக்கிழார் கூறுகின்றார். பாணருக்குத் திண்ணையைக் காட்டவில்லை, தனியிடம் தேடவில்லை. அதனால் வேள்வி கெடவுமில்லை. குருபூசை தோறும் நாயன்மார் புகழ் பாடும் கல்லூரியில், சம ஆசனத்துக்கு வேறு சாத்திரப் பிரமாணம் எதற்கு?

சட்டத்தின் வழியே வந்த மாற்றங்களையும் கருதுவோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சம்பளப் பணம் என்னும் தடை நீங்கிற்று. ஆனாற் சாதி என்னும் தடை பணத்தோடு நீங்குவதன்று. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் இடையறாது போராடின. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவருக்குப் பாடசாலை அனுமதியை மறுப்பதைக் குற்றமாக்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்க உடைமையாயின.

அப்பொறுப்பேற்பைப் பற்றி நம்மவரிடையே இருவேறு கருத்துண்டு. ஊரார் காணி கொடுத்து, பிடியரிசி சேர்த்து, கல் சுமந்து எழுப்பிய நிறுவனங்களின் ஆட்சி கொழும்புக்குச் சென்றது இழப்பே. மத்தியிலே ஆட்சி குவிந்ததனாற் பின்னர் விளைந்த துன்பங்களையும் மறுக்கவியலாது. எனினும், சமயச் சபைகளின் கையில் இருந்த காலத்திற் பாடசாலைகளின் வாயில் யாவர்க்கும் தானாகத் திறக்கவில்லை என்பதும் உண்மை. நாம் நமது விருப்பத்தாற் செய்திருக்கவேண்டியதை அரசு கட்டளையாற் செய்தது. விருப்பத்தாற் செய்திருந்தால் அது நமது புகழாய் அமைந்திருக்கும். கட்டளையால் நிகழ்ந்தமையால் அது நமக்கு ஒரு பாடமாய் அமைந்தது. இந்துக் கல்லூரிகளின் சைவ மணம் இதனாற் குன்றிற்றா? இல்லை. நவராத்திரியும் திருவெம்பாவையும் குருபூசையும் இன்றும் நடைபெறுகின்றன. முன்னர் வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் பேரர்களும் இன்று உள்ளே நின்று தேவாரம் ஓதுகின்றனர். இதனாற் சைவம் வளர்ந்ததேயன்றித் தேயவில்லை.

1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. தமிழ் மொழியிற் பரீட்சை எழுதிய மாணவன், அதே இடத்தைப் பெறுவதற்குச் சிங்கள மொழியில் எழுதிய மாணவனிலும் கூடிய புள்ளி பெறவேண்டியதாயிற்று. அது அநீதி. அந்த அநீதி ஒரு தலைமுறையின் நம்பிக்கையை முறித்தது. அதன் விளைவுகளை இந்நாடு இன்னும் அனுபவிக்கின்றது. பிறப்பால் அமைந்த ஒன்றைக் கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அளத்தல் தகாதென அன்று நாம் உரத்துக் கூறினோம். அக்கூற்று முற்றிலும் சரியானது. ஆனால் அதைக் கூறும் தகுதி முழுமை பெறவேண்டுமாயின், அதே நீதியை நமது வாயிலிலும் நாம் கைக்கொள்ளுதல் வேண்டும். பிறர் நமக்குச் செய்தால் அநீதி, நாம் நம்மவர்க்குச் செய்தால் வழக்கம் என்னும் வாதம் நியாயத் தராசில் நில்லாது.

மொழிவாரித் தரப்படுத்தலையும், பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். இரண்டும் ஒன்றல்ல. முன்னையது எழுதிய மொழியைத் தண்டித்தது. பின்னையதிலே குறைகள் பல இருப்பினும், ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பிரதேசத்துப் பிள்ளையின் நிலையைக் கணக்கில் எடுக்கும் எண்ணம் அதில் இருந்தது. மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களின் தமிழ் மாணவரும், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் அத்தகைய ஏற்பாடுகளாற் பயனடைந்தனர். யாழ்ப்பாண நகரத்துப் பிரபல கல்லூரியின் கண்கொண்டு மாத்திரம் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

மலையகத்தை இங்கே விட்டுச்செல்லுதல் தகாது. தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கவேண்டுமென 1907ஆம் ஆண்டின் சட்டமே விதித்திருந்தது. ஆயினும் அங்கே நடந்தவை பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வகுப்புகள் என்ற அளவினவே. 1945இன் இலவசக் கல்வி அப்பிள்ளைகளை உரியவாறு எட்டவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. அதுகாறும் நாட்டின் செல்வத்தைத் தம் முதுகிற் சுமந்தவரின் பிள்ளைகள் நாட்டின் கல்விப் படியில் ஏறவே இயலாதிருந்தனர். வடக்கிலிருந்த நாம் அவர்களுக்காக எழுப்பிய குரல் மிக மெல்லியதே.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். எந்தப் பிள்ளையும் இன்று சட்டப்படி தரையில் இருத்தப்படுவதில்லை. ஆனால் ஆசனம் வேறு வழிகளிலே பங்கிடப்படுகிறது. பிரபல பாடசாலைகளின் முதலாம் தர அனுமதி பற்றி 2010களில் வெளியான கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்களிலே, அயலிற் குடியிருப்போருக்கு 50 வீதமும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதமும், ஏற்கெனவே பயிலும் மாணவரின் சகோதரர்க்கு 15 வீதமும் ஒதுக்கப்பட்டன. ஆறாந் தரத்திலோ, புலமைப்பரிசிற் பரீட்சையின் புள்ளிகளே வாயிற்காவலர். கிராமத்துத் திறமைசாலிகளைக் கைதூக்கிவிடுவதற்கென மத்திய மகாவித்தியாலயங்களோடு தோன்றிய அப்பரீட்சை, இன்று தனியார் போதனைக்குப் பணம் செலுத்தவல்ல பெற்றோர்க்கே பெரிதும் சாதகமாயிற்று. அனுமதி வேளையிற் கேட்கப்படும் நன்கொடைகள் பற்றியும் நாடெங்கணும் முறைப்பாடுகள் எழுகின்றன.

இம்மலரை வாசிப்போருட் பலர் பழைய மாணவர். ஆதலின், நமக்குச் சாதகமான விதியைப் பற்றியே வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். தந்தை பயின்ற கல்லூரியில் மைந்தனும் பயிலவேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது, அன்பின் பாற்பட்டது. பழைய மாணவரின் பற்றினாலேயே மண்டபங்களும் நூலகங்களும் எழுந்தன, அப்பற்றைப் பேணுவதற்கு ஒரு சிறு உரிமை அளித்தாற் குற்றமென்ன என்று சிலர் வினாவுவர். அவ்வினாவுக்கு மதிப்பளித்தே விடை கூறவேண்டும். அரைநூற்றாண்டுக்கு முன்னர் வாயிலில் மறிக்கப்பட்டவருக்கு இன்று பழைய மாணவர் என்னும் பட்டம் எங்கிருந்து வரும்? பாட்டன் தரையில் இருத்தப்பட்டான். தந்தை அயலூரின் சிறு பாடசாலையில் இடைநடுவே கல்வியை நிறுத்தினான். பேரனோ பழைய மாணவரின் மைந்தன் அல்லன் என்ற காரணத்தால் மீண்டும் வரிசையின் பின்னே நிற்கிறான். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் பயன் தொடர்தற்கு இது ஒரு வழியாகிவிடுகிறது. பரம்பரையாக வரும் ஆசனம் சம ஆசனமாகாது.

விதியை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் நமது நடத்தை நம்மிடம் உள்ளது. பழைய மாணவர் சங்கங்கள் நான்கு காரியங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, அனுமதி வேளையில் எவரிடமும் சங்கத்தின் பெயரால் ஒரு சதமேனும் பெறுவதில்லை எனத் தீர்மானித்தல். இரண்டாவது, நீச்சற்றடாகத்துக்கும் அலங்கார வளைவுக்கும் செலவிடும் முன்னர், அயற் கிராமங்களின் சிறு பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்புகளை இலவசமாக நடத்துதல். மூன்றாவது, வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் வறிய மாணவருக்கு விடுதியில் இடமும் உணவும் நிரந்தர நிதியத்தால் அளித்தல். நான்காவது, சமயம் வேறாயினும் அயலிலுள்ள முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளைத் தயக்கமின்றி வரவேற்றல். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஊரை இழந்தனர். மீண்டு வந்தோரின் பிள்ளைகளுக்கு அயலில் உள்ள கல்லூரியின் வாயில் திறந்திருத்தல், நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய நியாயமாகும்.

இக்காரியங்களாற் பரீட்சைப் பேறுகள் வீழ்ச்சியுறும் என அஞ்சுவோர் இருக்கலாம். முன்னரே நன்கு பயிற்றப்பட்ட பிள்ளையைத் தெரிந்தெடுத்து அவனைச் சித்தியெய்தச் செய்தல் எளிது; அதிற் கல்லூரிக்குரிய பங்கு சிறிதே. வாய்ப்பற்ற பிள்ளையை ஏற்று அவனை உயர்த்துவதிலேயே ஆசிரியத் தொழிலின் மாண்பு விளங்கும். நமது தாபகர்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட சமுதாயமொன்றின் பிள்ளைகளுக்காகவே இக்கல்விக்கூடங்களை எழுப்பினர். அவர்தம் நோக்கத்தை விரித்துப் பொருள் கொள்ளுதலே அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன்.

இளம் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அமர்ந்திருக்கும் வாங்கு உங்கள் திறமையால் மாத்திரம் கிடைத்ததன்று. அதைப் பெறுவதற்குச் சிலர் மனு எழுதினர். சிலர் அடி வாங்கினர். சிலரது பாடசாலை எரிந்தது. உங்கள் அருகில் அமர்பவன் எவ்வூரவன், எக்குலத்தவன், எச்சமயத்தவன் என வினாவாதிருப்பதே அவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. கல்லூரி அன்னை தன் மக்கள் யாவரையும் ஒரே வரிசையில் இருத்திக் கல்வியமுது ஊட்டும் பெருவாழ்வு பெற்று நீடு விளங்குக.